கோப்பை வந்தது, கோச் போனார்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘விளையாட்டும் வாழ்க்கையும்’. இந்தத் தலைப்பில் இதே மேடையில் நானே இரண்டு தடவை பேச்சு கேட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் சாப்பாட்டு மணி எப்போ அடிக்கும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். (சிரிப்பு) அதனால் செயலாளரிடம் சொல்லிவிட்டு, உங்க எல்லாருக்கும் இப்போது மனசில் இருக்கிற விஷயத்தையே பேச வந்திருக்கிறேன்.

நம் கால்பந்து அணி இந்த ஆண்டு கோப்பையோடு திரும்பியது. பசங்களை மூன்று வருஷமாகத் தயார் செய்த பகுதி நேரப் பயிற்சியாளரின் ஒப்பந்தம் அதற்கடுத்த மாதமே முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. காரணம் யாருக்கும் சொல்லப்படவில்லை. பதினொரு பேர் கையெழுத்துப் போட்டு, இனி ஜெர்சி போட மாட்டோம் என்று கடிதம் கொடுத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் புதுப் பயிற்சியாளரைப் பற்றி எழுதியதையும் பார்த்தேன். அதை இந்த மேடையில் படிக்க முடியாது.

தம்பிகளா, இந்தக் கோபம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. பெரிய பெரிய ஊர்களில், கோடிக்கணக்கில் பணம் புழங்குகிற கிளப்புகளிலும் இதே கதைதான். நம்ம பக்கத்து உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம், சென்னையின் எஃப்.சி.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் ஆரம்பித்தபோது, இத்தாலிக்காக 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கோல் போட்ட மார்கோ மட்டராஸி அங்கே பயிற்சியாளராக வந்தார். 2015-ல் அணி ஒரு கட்டத்தில் பட்டியலில் கடைசி இடத்தில் கிடந்தது. அங்கிருந்து எழுந்து அரையிறுதிக்கு வந்த நேரத்தில் சென்னையில் வெள்ளம். நம்ம கடலூர் மாவட்டமும் அப்போது தண்ணீரில்தான் நின்றது, மறந்திருக்க மாட்டீர்கள். சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் போய் ஆடி, கொல்கத்தாவைத் தாண்டி, டிசம்பர் 20-ஆம் தேதி கோவாவை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வீழ்த்தினார்கள். 90-ஆவது நிமிஷம் வரைக்கும் பின்தங்கி இருந்த ஆட்டம் அது! அப்பேர்ப்பட்ட மனிதர், அடுத்த சீசனில் அணி ஏழாவது இடத்துக்குப் போனதும், 2017 மார்ச்சில் விடைபெற்றார்.

அடுத்து வந்தவர் இங்கிலாந்தின் ஜான் கிரிகரி. வந்த முதல் சீசனிலேயே, 2018 மார்ச் 17-ல் பெங்களூருவில் பெங்களூரு அணியையே 3-2 என்று ஜெயித்து இரண்டாவது கோப்பை. நம்ம வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் அந்த சீசனில் நடுக்களத்தில் ஆடியதைப் பார்க்கவே நானும் என் மகனும் கடலூரிலிருந்து பஸ் பிடித்து நேரு ஸ்டேடியம் போயிருக்கிறோம். ஆனால் அடுத்த சீசனில் என்ன ஆச்சு? 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, பட்டியலில் கடைசி. அப்பவும் கிளப் அவரை வைத்துக்கொண்டது. அதற்கும் அடுத்த சீசனில் ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றி என்ற நிலையில், 2019 நவம்பர் கடைசியில், இரு தரப்பும் சம்மதித்துப் பிரிந்தார்கள்.

அன்றைக்கு எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. என் மகன், “ரொம்ப லேட்டுப்பா, போன வருஷமே அனுப்பியிருக்கணும்” என்றான். நான், “கோப்பை வாங்கிக் கொடுத்தவனை இப்படியாடா அனுப்புறது?” என்றேன். என் மனைவி மட்டும், “அவருக்கு அடுத்த மாசச் சம்பளம் எங்கிருந்து வரும்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை.

கிரிகரிக்குப் பதிலாக ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் கோயல் வந்தார். அடிமட்டத்தில் கிடந்த அணி சில மாதங்களில் இறுதியாட்டத்துக்கே போய்விட்டது. 2020 மார்ச் 14, கொரோனா காரணமாகக் காலி மைதானம். கொல்கத்தாவிடம் 3-1 என்று தோற்றோம். சரி, இவரை விடக்கூடாது என்று எல்லாரும் நினைத்தபோது, அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். அதிகக் கோல் போட்ட வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். நேற்று வரை அவர் பெயரைச் சொல்லிப் பாடின வாயெல்லாம் துரோகி என்றது. 2021-22-ல் அவர் ஜாம்ஷெட்பூருக்கு லீக் கேடயம் வாங்கிக் கொடுத்தபோது வயிறு எரிந்தவர்களில் நானும் உண்டு.

கதை அத்தோடு முடியவில்லை. 2023-ல் அதே கோயல் மறுபடியும் சென்னைக்கு வந்தார்! துரோகி என்று சொன்னவர்களே கைதட்டி வரவேற்றார்கள். 2024-ல் பிளே-ஆஃப் வரை கொண்டுபோனார்; அதற்கு அடுத்த சீசனில் 11-ஆம் இடம்; 2025-ல் மறுபடி பிரிவு. ரசிகன் கோபத்தில் சொல்கிற வார்த்தை எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இங்கிலாந்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். லெஸ்டர் சிட்டி என்ற சின்ன ஊர் அணி 2016-ல் பிரீமியர் லீக் பட்டம் வாங்கியது. சீசன் தொடங்குமுன் பந்தயக்காரர்கள் அந்த அணிக்குக் கொடுத்த விகிதம் ஒன்றுக்கு ஐயாயிரம். பயிற்சியாளர் கிளாடியோ ராணியேரி. பட்டம் வாங்கிப் பத்து மாதம் ஆவதற்குள், 2017 பிப்ரவரியில், அணி கீழே இறங்குகிறது என்று அவரை நீக்கிவிட்டார்கள். அடுத்த ஆட்டத்தில் ரசிகர்கள் ராணியேரியின் பெயரைச் சொல்லிப் பாடினார்கள். ஆனால் யாரும் மைதானத்தைப் புறக்கணித்துவிட்டுப் போகவில்லை. அதே இரவு அணி லிவர்பூலை 3-1 என்று ஜெயித்தது, அதற்கும் கைதட்டினார்கள். போனவருக்கு நன்றி, இருப்பவருக்கு ஆதரவு இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய முடியும் என்று அந்த ஜனங்கள் காட்டினார்கள்.

கிரிக்கெட்டிலும் உண்டு. நம் தமிழ்நாட்டு டபிள்யூ.வி. ராமன் இந்தியப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தபோது, 2020 மார்ச் 8-ல் மெல்போர்னில் 86 ஆயிரம் பேருக்கு முன்னால் அவர்கள் டி20 உலகக் கோப்பை இறுதியாட்டம் ஆடினார்கள். 2021 மே மாதம் அவருக்குப் பதிலாக ரமேஷ் பவாரை நியமித்தார்கள். ஏன் என்று அன்றைக்குக் கேட்டவர்கள் நிறைய. கேட்டதில் தப்பே இல்லை.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கிளப் என்பது முதலாளியின் சொத்து. லாப நஷ்டக் கணக்கு, ஒப்பந்தம், வக்கீல் எல்லாம் அங்கே உண்டு. “இரு தரப்பும் சம்மதித்து” என்ற ஒரு வரியில் கதவைச் சாத்திவிடுவார்கள். கல்லூரி அப்படி இருக்க வேண்டியதில்லை. அந்தப் பயிற்சியாளருக்குக் கொடுத்த மதிப்பூதியத்தில் பாதி நம் சங்கத்தின் பணம். அதனால் கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது.

முதல்வர் ஐயா மன்னிக்க வேண்டும், பணிவோடுதான் சொல்கிறேன். ஒருவரை மாற்றுவது நிர்வாகத்தின் உரிமை, அதில் நான் தலையிடவில்லை. நிதி இல்லையா, தகுதிச் சான்றிதழ் விதி மாறிவிட்டதா, வேறு ஏதாவதா, அதை மாணவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு தடவை சொல்லிவிட்டால், பாதிக் கோபம் அன்றைக்கே அடங்கியிருக்கும். காரணம் தெரியாத இடத்தில்தான் வதந்தி வளர்கிறது. இன்னொன்று, இன்றைய விழாவுக்கு அவருக்கு அழைப்பிதழ் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். கோப்பை மேடையில் இருக்கிறது, பாருங்கள். அதை வாங்க வைத்தவர் திருப்பாதிரிப்புலியூரில் தன் வீட்டில் இருக்கிறார். இது எனக்கு உறுத்துகிறது. (கைதட்டல்)

இருங்க, கைதட்டின தம்பிகளுக்கும் ஒன்று இருக்கிறது. ஜெர்சி போட மாட்டோம் என்றால் நஷ்டம் யாருக்கு? உங்களில் நாலு பேருக்கு இதுதான் கடைசி வருஷம். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ், ரயில்வே என்று வேலைக்குப் போக இந்த ஒரு சீசன் சான்றிதழ் உதவும். நம் மாவட்டத்துப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர், தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். 2018-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்து முதல் தடவையாகத் தேசியப் பட்டம் வாங்கிய அணியில் இருந்தவர். அந்தப் பெண்கள் எத்தனை பயிற்சியாளர்களிடம், எத்தனை மைதானங்களில் ஆடியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

புதிதாக வந்திருக்கிற பயிற்சியாளரும் யாரோ ஒருத்தர் வீட்டுப் பிள்ளைதான். பழையவரை அனுப்பியது அவர் இல்லை. காலை ஆறு மணிக்கு மஞ்சக்குப்பம் மைதானத்தில் விசிலோடு வந்து நிற்கிறார். எதிரே மூன்று பேர்தான் நிற்கிறார்கள். நம்ம பழைய கோச் இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவாரா? பந்தை விட்டுட்டு ஆளைத் துரத்தாதே என்று அவர் கத்தினதை நானே மைதானத்து ஓரத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

ஆகவே மூன்று வேண்டுகோள். ஒன்று, சங்கத்தின் சார்பில் அவருக்கு முறையாக ஒரு பாராட்டு விழா, இந்த மாதத்துக்குள். சால்வையோடு நிறுத்தாமல் நிலுவை மதிப்பூதியம் ஏதாவது இருந்தால் அதையும் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். என் பங்காக ஐயாயிரம் ரூபாயை இப்போதே பொருளாளரிடம் தருகிறேன். இரண்டு, இனி எந்தப் பயிற்சியாளரை நியமித்தாலும் குறைந்தது மூன்று ஆண்டு ஒப்பந்தம். நீட்டிப்பதா இல்லையா என்பதை முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும். மூன்று, மாணவர்கள் அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை காலை பதினொரு பேரும் மைதானத்துக்குப் போக வேண்டும். போகும் வழியில் பழைய கோச் வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டுப் போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் பொதுக்குழுவில் முதல் இரண்டையும் தீர்மானமாக முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். மூன்றாவது தம்பிகளின் கையில் இருக்கிறது.