ஆட்டக்காரனும் தொழிலாளிதான்

(சீகிரியாவில் நடந்த தோட்ட இளைஞர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் தம்புள்ளை. மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர் அந்த வழியாகத்தான் மாத்தளைக்கு நடந்தார்கள். 2023-இல், 200 ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் மீண்டும் நடந்தார்கள். அன்று வந்தவர்களில் பலர் பழைய இராமநாதபுரம் சீமைக்காரர். அந்தச் சீமையில், காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள கண்டனூரில் பிறந்த ஒரு பையனைப் பற்றி இன்று பேசுவோம்.

பெயர் சிவசக்தி நாராயணன். பிறந்தது 2001-இல். உதைபந்தாட்டத்தில் முன்கள வீரர். கோல் அடிப்பதுதான் அவர் வேலை. முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயன் நடத்தும் பயிற்சிப் பள்ளியில் பழகினார். பிறகு பெங்களூர் எஃப்.சி. கழகம் அவரை எடுத்தது. முதலில் இரண்டாம் அணியில் உள்ளூர் லீக் ஆட்டங்கள். அங்கே கோல் அடித்துக் காட்டிய பிறகே பெரிய அணியில் இடம்.

2022 செப்டம்பர் 18, கொல்கத்தாவில் டூரண்ட் கிண்ண இறுதிப் போட்டி. மும்பைக்கு எதிரான முதல் கோல் சிவசக்தியுடையது. பெங்களூர் 2-1 என வென்றது. அந்தப் பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக்கின் சிறந்த வளரும் வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது.

இத்தோடு நிறுத்தினால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் நாம் சங்கத்துக்காரர். மிச்சத்தையும் பார்க்க வேண்டும்.

2023 மார்ச் 18, அந்த லீக்கின் இறுதிப் போட்டி. தொடங்கிய சில நிமிடங்களிலேயே சிவசக்தி காயப்பட்டு வெளியேறினார். ஆட்டக்காரனுக்கு உடம்புதான் மூலதனம். கொழுந்து எடுக்கும் நம் தாய்மாருக்குக் கையும் இடுப்பும் எப்படியோ, அவருக்குக் கால் அப்படி. வழுக்கி விழுந்தால் நாளைக்குப் பேர் விழுமா என்று நாம் கேட்கிறோமே, அதே கேள்விதான் அவருக்கும்.

2025 ஆகஸ்ட்டில் இன்னொன்று நடந்தது. லீக் நடக்குமா என்பதே தெரியாத நிலையில், வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாகப் பெங்களூர் கழகம் அறிவித்தது. கிண்ணம் வென்ற அணிக்கே இந்தக் கதி.

அதனால்தான் ஆட்டக்காரர்களும் சங்கம் வைத்திருக்கிறார்கள். உலக வீரர்களின் தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஃபிஃப்புரோ 1965-இல் தொடங்கியது. ஒப்பந்தம், காயம், பாக்கிச் சம்பளம்: அவர்கள் பேசுவதும் இவற்றைத்தான்.

பெற்றோரே, பிள்ளை பந்து விளையாடினால் தடுக்காதீர்கள். படிப்பையும் விடச் செய்யாதீர்கள். தோட்டத்தில் மைதானம் கேட்பது சங்கத்தின் வேலை, கேட்போம்.

தம்பி, தங்கைமாரே, நீங்கள் போவது கழகத்துக்கோ, கொழும்புக் கடைக்கோ, இந்தச் சீகிரியா ஹோட்டல்களுக்கோ, எங்கென்றாலும் நியமனக் கடிதத்தை எழுத்தில் கேளுங்கள். காயப்பட்டால் யார் பார்ப்பது என்று கேளுங்கள். சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடித்தால், முதலாளி 12 போட வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்கு அவர் 3 தனியாகக் கட்ட வேண்டும். விளங்காத தாளில் கையெழுத்து வைக்காமல் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.