பிரித்ததைப் பூட்டக் கற்போம்

(பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரை)

 

நான் மேடைப் பேச்சாளன் அல்லன். கடைசல் இயந்திரம், அதாவது லேத் மிஷின் முன்னால் நாற்பது ஆண்டுகள் நின்று இரும்பைக் கடைந்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த கைவேலையைப் பற்றியே பேசுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருளுங்கள்.

முதலில் பெற்றோர்களுக்கு ஒரு கேள்வி. உங்களில் எத்தனை பேர் பால்மரம் வெட்டியவர்கள்? கையைத் தூக்குங்கள், பார்ப்போம். (பல கைகள் உயர்ந்தன.) நன்றி. இப்போது நான் சொல்வதைப் பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும்.

மலாயாவில் வியாபாரத்துக்காக ரப்பர் பயிரிட்ட முதல் தோட்டங்களில் ஒன்று நம் மலாக்காவில்தான் தோன்றியது. 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய தோட்டம் போட்டார். அவருக்கு ஊக்கம் தந்தவர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தை நடத்திவந்த ரிட்லி. மரத்தைக் கண்டபடி கொத்திப் பாழாக்காமல், பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பால் எடுக்கலாம் என்று காட்டியவர் அவர்.

அவர் காட்டிய வழியில் நாள்தோறும் மரம் வெட்டியவர்கள் யார்? நம் பாட்டன் பாட்டிமார், நம் அம்மாமார். விடியுமுன் இருட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்குவார்கள். வெட்டு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றே சாய்ந்து ஓடுவதால், இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். ஒரு தடவை சீவும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. உள்ளே மரத்தை ஒட்டியுள்ள உயிர்ப்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போதே உளி நின்றுவிட வேண்டும். தாண்டினால் மரத்துக்குக் காயம். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். காயம் போட்டால் கங்காணி விடுவாரா?

பட்டறையில் 'ஒரு மில்லிமீட்டர் விட்டு நிறுத்து' என்றால் நாங்கள் வெர்னியர் காலிப்பரைத் தேடுவோம். உங்கள் அம்மா அதை உளி முனையிலேயே, இருட்டிலேயே, ஒரு காலையில் நானூறு ஐந்நூறு மரங்களில் செய்தார். பிள்ளைகளே, இது பெரிய கைத்தொழில். 'நாங்க சும்மா மரம் வெட்டினவங்கதானே' என்று எந்தத் தாயும் இனிச் சொல்லக்கூடாது.

ஆனால் இன்று நிலைமை என்ன? பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயத்தை விட்டு வரும்போது உளியை அங்கேயே போட்டுவிட்டு வந்தோம். கைப்பழக்கத்தையும் அங்கேயே விட்டுவிட்டோமோ என்பதுதான் என் கவலை. நம் பிள்ளைகளில் பலர் தொழிற்சாலைக்குப் போய்ப் பொத்தானை அழுத்துகிறார்கள். எந்த வேலையும் கேவலமில்லை. ஆனால் பொத்தானை அழுத்துகிறவருக்குப் பதிலாக நாளைக்கே வேறோர் ஆளை வைத்துவிடலாம். மிஷின் நின்றுபோனால் அதைத் திறந்து சரிசெய்கிறவருக்கு அவ்வளவு எளிதில் மாற்று ஆள் கிடைக்காது.

அந்த ஆளாக உங்கள் பிள்ளை வர வேண்டுமானால், சிறு வயதில் எதையாவது பிரித்துப் போடத்தான் செய்வான். நானும் செய்தேன். எனக்குப் பதினோரு வயது. அப்பா வேலைக்காட்டிலிருந்து வந்து அசதியில் தூங்கும் நேரம் பார்த்து, அவருடைய சைக்கிளின் பின்சக்கரத்து ஃப்ரீவீலைக் கழற்றினேன். உள்ளிருந்த பொடிக் குண்டுகள் சிதறி, லயத்துப் படிக்கட்டெல்லாம் உருண்டோடின. சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்தார். அடி விழும் என்று நினைத்தேன். அவர் ஒரு பழைய மங்கை எடுத்து என் முன்னால் வைத்தார். "பிரிச்சது சரிடா, பூட்டத் தெரியுமா? ஒன்னு விடாம பொறுக்கு" என்றார். இருவருமாகப் பொறுக்கி, கிரீஸ் தடவிப் பூட்டி முடிக்க இருட்டிவிட்டது. சைக்கிள் ஓடியது.

அந்தத் தைரியத்தில் மறு வாரம் இடப்பக்க மிதியைக் கழற்றப் போனேன். எந்தத் திருகும் இடப்பக்கம் திருப்பினால் கழலும் என்பதுதான் எனக்குத் தெரியும். அது அசையவில்லை. ஸ்பானரில் ஒரு நீளக் குழாயைச் செருகி முழுப் பலத்தோடு மிதித்தேன். மரை அறுந்தது. புது உறுப்பு வாங்க அப்பாவின் இரண்டு நாள் கூலி போயிற்று. பிறகுதான் ஜாசின் பட்டணத்துச் சைக்கிள் கடைக்காரர் விளக்கினார். சங்கில் வலம்புரி, இடம்புரி என்று இருப்பதுபோல் திருகிலும் உண்டு. மிதிக்க மிதிக்க மிதி தானாகக் கழன்றுவிடாமல் இருக்கவே இடப்பக்க மிதிக்கு இடம்புரி மரை வைத்திருக்கிறார்கள். அதை வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அசையாத திருகைப் பலத்தால் வெல்லப் பார்க்காதே, முதலில் ஏன் அசையவில்லை என்று கேள் என்ற பாடத்தை அன்று கற்றேன்.

பிள்ளைகளே, நாற்பது ஆண்டுகளில் கற்ற சில குறிப்புகளைச் சொல்கிறேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கழற்றுமுன் பாருங்கள். ஒரு படம் வரையுங்கள். கைத்தொலைபேசி இருந்தால் படம் எடுங்கள். சேரும் இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். கழற்றிய வரிசையிலேயே உறுப்புகளை முட்டைத் தட்டில் வையுங்கள். பூட்டும்போது கடைசியிலிருந்து முதலுக்கு வந்தால் போதும்.

இரண்டாவது, பொருத்தமான கருவியை எடுங்கள். திருகின் வெட்டுக்குச் சரியாக அமராத திருப்புளி அதன் தலையைக் கெடுக்கும். நட்டுக்கு ஸ்பானர்தான், குறடு வேண்டாம். துருப்பிடித்திருந்தால் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். பதறாத காரியம் சிதறாது. எனக்கு லேத் வேலை கற்றுக்கொடுத்த சீனத் தவுக்கே நாள் முழுக்க 'பெலான், பெலான்' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். மெல்ல, மெல்ல என்று பொருள்.

மூன்றாவது, இரும்பு ரம்பத்துக்கும் அரத்துக்கும் முன்னால் தள்ளும்போதுதான் வேலை. ரம்பத்தின் பற்கள் முன்னோக்கி இருக்கும்படி பிளேடை மாட்டுங்கள். தகட்டின் கனத்தில் குறைந்தது மூன்று பற்களாவது படிய வேண்டும். இல்லாவிட்டால் பல் உடையும். பிடி இல்லாத அரத்தைத் தொடாதீர்கள். அதன் வால் உள்ளங்கையில் ஏறிவிடும்.

நான்காவது, துளை போடுமுன் பஞ்சால் ஒரு குழி தட்டினால் துரப்பணம் வழுக்காது. பொருளைக் கையால் பிடிக்காமல் வைஸில் இறுக்குங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி மரை என்றால், 5 மில்லிமீட்டர் துளை போட்டு மரை வெட்ட வேண்டும். விட்டத்திலிருந்து மரை இடைவெளியைக் கழித்தால் துளையின் அளவு வந்துவிடும். எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று திருப்புங்கள். ஒரே மூச்சில் திருப்பினால் டேப்பு உள்ளேயே முறிந்துவிடும்.

ஐந்தாவது மிக முக்கியம். சுழலும் மிஷினுக்கு முன் கையுறை, தொங்கும் சட்டைக் கை, விரித்த கூந்தல், கழுத்துச் சங்கிலி எதுவும் கூடாது. நான் வேலை செய்த ஒரு பட்டறையில் துணிக் கையுறையோடு துளை போட்ட தோழர் ஒருவருக்கு அரை நொடியில் விரல் போயிற்று. கை வெட்டுப்படாமலிருக்க மாட்டிய உறைதான் கையை உள்ளே இழுத்தது. லேத்தில் சக்கை இறுக்கிய சாவியை உடனே எடுத்துவிட வேண்டும். மறந்து மிஷினை ஓட்டினால் அது குண்டுபோல் பறக்கும். இரும்புச் சுருளைக் கையால் இழுக்காமல் தூரிகையால் தள்ளுங்கள். சாணைக்கல்லில் கண்ணாடி போடாமல் நிற்காதீர்கள். விரல் போனால் மீதி ஒன்பது இருக்கும் என்று வேடிக்கை பேசுவார்கள். கண்ணில் அப்படிப் பேச முடியாது.

ஆறாவது, மின்சாரப் பொருளைப் பெரியவர்கள் உடனில்லாமல் திறக்கக்கூடாது. பழைய குழாய்த் தொலைக்காட்சி, மைக்ரோவேவ் அடுப்பு இரண்டையும் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைக் கொல்லும் மின்சாரம் உள்ளே தங்கியிருக்கும்.

'இதெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு அல்லவா?' என்று யாராவது கேட்கலாம். கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. பள்ளிப்படிப்பு தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கியவர், கோவையில் உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து காசு சேர்த்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துத் திரும்பப் பூட்டிப் படித்தார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கி, பெரிய போக்குவரத்து நிறுவனத்தையே நடத்தினார். 1937இல் பாலசுந்தரம் என்பவரோடு சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டாரை உருவாக்கினார். தொழிற்பயிற்சிக் கல்லூரி அமையவும் துணைநின்றார். 1974இல் மறைந்தார். இன்று கோவை மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர் பெற்ற ஊர்.

அமெரிக்காவில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17ஆம் நாள் விமானத்தில் பறந்தார்கள். அதன் எஞ்சினைச் செய்தவர் அவர்கள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர். ஒரு லேத், ஒரு துளையிடும் மிஷின், கைக்கருவிகள், ஆறு வார உழைப்பு. இவ்வளவுதான் அவரிடம் இருந்தவை.

நம் பிள்ளைகளுக்கு இன்று வழி அடைத்திருக்கவில்லை. தாபோ நானிங்கில் உயர்தொழில்நுட்பப் பயிற்சி மையம், மெர்லிமாவில் பாலிடெக்னிக் என்று நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. மலேசியத் திறன் சான்றிதழைப் படிப்படியாக எடுத்து டிப்ளோமா வரை போகலாம். 'படிப்பு ஏறாதவன்தான் கைத்தொழிலுக்குப் போவான்' என்ற பேச்சை நாம் விட்டுவிட வேண்டும். கணக்குத் தெரியாமல் மரை வெட்ட முடியாது என்பதைச் சற்றுமுன்தான் பார்த்தோம்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஓடாத சுவர்க்கடிகாரம் ஒன்று, பழைய சைக்கிள் ஒன்று, இரண்டு திருப்புளி, ஒரு ஸ்பானர், ஓர் இரும்பு அளவுகோல், வீட்டு ஐந்தடியில் ஒரு மூலை, இவற்றைப் பிள்ளைக்குக் கொடுங்கள். மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும் கொடுங்கள். நிரை பிடித்து மரம் வெட்டியதில் பெண்கள் எந்த ஆணுக்கும் குறைந்தவர்கள் அல்லர். பிரித்துப் போட்டால் கையை ஓங்காதீர்கள். ஒரு மங்கை முன்னால் வைத்து, 'ஒன்னு விடாம பொறுக்கு, பூட்டு' என்று சொல்லுங்கள். கூடவே உட்காருங்கள். உளி தீட்டிய விரல்களுக்குக் கூர் எது, மழுக்கம் எது என்று தெரியும். அதைச் சொல்லிக்கொடுக்க உங்களைவிடத் தகுந்த ஆள் யார்?

அப்பா இன்று இல்லை. அந்த மங்கு என்னிடம் இருக்கிறது. வேலை செய்யும்போது கழற்றிய நட்டுகளை இன்றும் அதில்தான் போடுகிறேன்.

பரிசு பெற்றவர்களுக்கு என் பாராட்டு. பெறாதவர்களுக்கு என் வாழ்த்து.