நெஞ்சில் நிற்கும் அசைவு

(அஸ்தம்பட்டிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

மேடையேறிய நாள்முதல் எத்தனை முறை கையுயர்த்தியிருப்பேன்! விரல் நீட்டி முழங்கியிருப்பேன்! அவற்றுள் ஒன்றேனும் உங்கள் நினைவில் உண்டா? இல்லை. கைதட்டல் ஓய்ந்தது, கையசைவும் மறைந்தது. ஆனால் சில அசைவுகள் மட்டும் நெஞ்சைவிட்டு நீங்குவதில்லை. ஏன்?

இதோ, ஏற்காடு சாலையிலே மாடர்ன் தியேட்டர்சின் வளைவு நிற்கிறது. 1935-இல் டி.ஆர்.சுந்தரம் நிறுவிய அக்கலைக்கூடம், 1950-இல் 'மந்திரிகுமாரி'யைத் தந்தது. குண்டலகேசிக் கதையின் வழிவந்த படம். மலையுச்சியிலிருந்து மனைவியைத் தள்ளிக் கொல்லத் துணிகிறான் கணவன். சாகுமுன் மும்முறை வலம்வர வரம் கேட்கிறாள் அவள். வருகிறாள், வந்து, அவனையே தள்ளிவிடுகிறாள்! எத்தனையோ படங்களில் வாள்வீச்சைக் கண்டோம், மறந்தோம். வலம்வந்த அந்தக் கால்களை மறந்தோமா? பணிவுக்கென்று பழகிய அசைவு, அங்கே படைக்கலமாயிற்று. அதுதான் காரணம்.

மேடையை விடுங்கள், உலகைப் பாருங்கள். உப்பை அள்ளாத கை எந்த வீட்டில் உண்டு? 1930 ஏப்ரல் 6 அன்று தண்டிக் கடற்கரையில் காந்தியார் அள்ளிய பிடியோ, பேரரசின் சட்டத்தை மீறிய பிடி! பேருந்தில் அமராதவர் யார்? 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மாண்ட்கோமரியில், வெள்ளையருக்காக எழ மறுத்து அமர்ந்தே இருந்தார் ரோசா பார்க்ஸ். அசையாமையே அங்கு அசைவாயிற்று!

நம் மண்ணிலே? ஆண்டையைக் கண்டதும் தோள்துண்டைக் கக்கத்தில் இடுக்கினான் நம் பாட்டன். கக்கத்திலிருந்து தோளுக்கு ஒரு சாண் தூரந்தான். அதைக் கடக்க எத்தனை தலைமுறை! 1925-இல் பெரியார் தொடங்கிய சுயமரியாதை இயக்கம், அந்தத் துண்டை மீண்டும் தோளில் ஏற்றச் சொன்னது. உடலின் அசைவும் இயக்கம். ஊரின் எழுச்சியும் இயக்கம். தமிழ் இரண்டுக்கும் ஒரே பெயரிட்டது வீணா?

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு சிற்றூரிலே, கூட்டம் முடிந்து காரேறப் போனேன். முதியவர் ஒருவர் எதிரே வந்தார். என்னைக் கண்டதும் அவர் கை தோளுக்குப் போயிற்று. துண்டு கக்கத்துக்கு வந்தது. நான் தடுக்கவில்லை, புன்னகைத்தேன், புறப்பட்டேன். அன்று நான் முழங்கிய சொல் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. அந்தக் கையை மட்டும் மறக்க முடியவில்லை.

தோழர்களே! நம்முடைய முழக்கங்களை மக்கள் மறப்பார்கள். எளியவர் முன்னே நம் கை என்ன செய்தது என்பதை மறக்கமாட்டார்கள். இனி எந்த முதியவரின் துண்டும் நமக்காகத் தோளிறங்க விடோம். இறங்கினால், நம் கையால் எடுத்து அவர் தோளில் இடுவோம்!

அந்த அசைவு நிற்கட்டும், நாட்டின் நெஞ்சிலே!