பசுமைக் கட்டடமும் பதிவேடும்



ஐதராபாத்து நகரில் 'சிஐஐ – சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம்' என்னும் கட்டடம் உள்ளது. அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றம் வழங்கும் 'லீட்' தரச்சான்றின் உச்சநிலையாகிய பிளாட்டினத்தை அது 2003-ஆம் ஆண்டில் பெற்றது. அமெரிக்காவிற்கு வெளியே அந்நிலையை முதன்முதலில் எய்திய கட்டடம் அதுவே. 69 புள்ளிகளுள் 56 அதற்குக் கிடைத்தன. 2004 சூலை 14 அன்று குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதனைத் திறந்துவைத்தார்.

அப்புள்ளிகளை ஈட்டித் தந்தவை ஆவணங்கள். மதிப்பீட்டாளர் தொலைவில் இருப்பவர். தம்மிடம் வந்துசேரும் சான்றுகளைக் கொண்டே முடிவு கூறுபவர். செய்த நற்செயலாயினும் சான்றில்லையேல் அது கணக்கில் ஏறாது.

கட்டுமானக் கழிவை எடுத்துக்கொள்வோம். அக்கால விதிப்படி, கழிவில் 50 விழுக்காட்டைக் குப்பைமேட்டிற்கு அனுப்பாமல் மறுபயனுக்குத் திருப்பினால் ஒரு புள்ளி. 75 விழுக்காடாயின் இரண்டு. இதை மெய்ப்பிக்க ஒவ்வொரு வண்டிக்கும் எடைச்சீட்டு வேண்டும். எங்கே சென்றது, யார் பெற்றார் என்பதும் வேண்டும். நிலக்கரிச் சாம்பல் கலந்த செங்கல்லாயின், சாம்பலின் அளவைக் கூறும் உற்பத்தியாளர் கடிதம் வேண்டும். பொருள் அருகிலிருந்து வந்தது என்பதற்குக் கடைக்காரர் முகவரி போதாது. அது உருவான ஆலையின் இடம் தெரியவேண்டும். வண்ணப்பூச்சாயின், அதிலிருந்து ஆவியாகும் நச்சுப்பொருள் லிட்டருக்கு எத்தனை கிராம் என்னும் தாள் வேண்டும். சுவருக்குள் மறையும் வெப்பத்தடுப்பையோ, பூச்சுக்கு முன்பே நாளிட்டுப் படம் எடுத்துவிடவேண்டும். பூசிய பின் சுவரைக் கேட்டால் அது விடை சொல்லாது.

பலரும் இவற்றை இறுதியில் பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவிடுகின்றனர். வேலை முடிந்ததும் வண்டிக்காரர் வேறூர் சென்றிருப்பார். சீட்டுகள் மழையில் கரைந்திருக்கும். நூறு டன் கழிவில் எண்பது டன்னை முறையாக அனுப்பியவரும், எழுபது டன்னுக்கே சீட்டு வைத்திருந்தால் இரண்டாம் புள்ளியை இழப்பார். அப்போதுதான் ஒரு சபலம் தலைதூக்கும்: ஐந்து டன்னுக்குச் சீட்டு எழுதிக்கொண்டால் என்ன? செய்தது உண்மைதானே என மனம் வாதிடும். ஆனால் நடந்ததைக் காட்டவேண்டிய ஏடு, அன்று முதல் வேண்டியதைக் காட்டும் ஏடாகிவிடும். இன்று எடைச்சீட்டில் தொடங்கும் பொய் நாளை வண்ணப்பூச்சின் தாளிலும் நுழையும். அந்தக் காற்றைச் சுவாசிக்கப்போகிறவர்கள் உள்ளே படிக்கும் குழந்தைகளும் ஓய்வெடுக்கும் முதியோருமே. பட்டயத்தை நம்பி அவர்கள் கதவைச் சாத்தி உறங்குவார்கள்.

ஆதலின், பள்ளியோ மண்டபமோ விடுதியோ எழுப்ப முனைவோர், அடிக்கல் நாட்டும் நாளிலேயே பதிவேட்டிற்கென ஒருவரைப் பொறுப்பாக்குக. அன்றைய சீட்டு அன்றே கோப்பில் சேர்க. குறைந்த இடத்தில் குறைந்ததாகவே எழுதுக. உண்மையாய்ப் பெற்ற வெள்ளிச் சான்று, புனைந்து பெற்ற பிளாட்டினத்தினும் மேலானது.