துறைமுகம் இல்லாத துறை



மெரினா லூப் சாலையில் மீன் வாங்கியிருப்பீங்க. பெசன்ட் நகரில் மாலையில் காற்று வாங்கியிருப்பீங்க. நீங்க நடந்து போன அந்த மணல்தான் நொச்சிக்குப்பத்துக்கும் ஊரூர் ஆல்காட் குப்பத்துக்கும் துறைமுகம். காசிமேட்டில் அலைதடுப்புச் சுவர் இருக்கு, படகு அணையத் தளம் இருக்கு. இங்கே ரெண்டும் கிடையாது. படகை ஏற்றி நிறுத்த, வலையை உலர்த்த, மீனை ஏலம் விட, எல்லாத்துக்கும் அந்த மணல் ஒன்றுதான்.

ஒரு காலத்தில் சென்னைக்கே துறைமுகம் இல்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகுகளில்தான் ஆட்களும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரைக்கு வந்தாங்க. 1639-க்குப் பிறகு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நகரத்தின் வணிகம் கடலோர மக்களின் கைத்திறனை நம்பித்தான் நடந்தது.

1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கினாங்க. வடக்கு நோக்கி நகரும் மணலை அந்தச் சுவர் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. ஒரே சுவர், ஒரு பக்கம் லாபம், மறுபக்கம் நஷ்டம். அதனால் கரையில் எதைக் கட்டினாலும் அங்கே பிழைக்கிறவங்களைக் கேட்டுக் கட்டணும்.

இப்போ கட்டுமரத்தின் இடத்தில் ஃபைபர் படகு, வெளிப்பொருத்து இயந்திரம். டீசல், மண்ணெண்ணெய்ச் செலவு போக மிச்சத்தைத்தான் படகுக்காரரும் தொழிலாளிகளும் பங்கு போட்டுக்கணும். கரையில் ஏலம் எடுத்து, ஐஸ் வைத்து, கூவி விற்பது பெரும்பாலும் பெண்கள். 2024 ஆகஸ்டில் லூப் சாலையில் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டதும் அவங்களுக்காகத்தான்.

ஆனா கடலுக்குப் போகும் நாளெல்லாம் வருமானம் நிச்சயமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் இனம் பெருகத்தான் இந்தத் தடை. அந்த நாட்களில் கடல் மீனவர் குடும்பத்துக்கு அரசு 8,000 ரூபாய் நிவாரணம் தருது. பிரதமரின் மீன்வளத் திட்டத்தின் கீழ் விபத்துக் காப்பீடும் உண்டு. உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய். மீனவர் பிரீமியம் கட்ட வேண்டாம்.

இதெல்லாம் கைக்கு வர ஒன்று முக்கியம்: உங்க விவரம் பதிவில் சரியா இருக்கணும். படகின் பதிவு, மீனவர் நலவாரிய உறுப்பினர் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு, நாலிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. மீன் விற்கும் பெண்களும் நலவாரியத்தில் சேரலாம். "நான் கடலுக்குப் போறதில்லையே"ன்னு விட்டுடாதீங்க. பிழை இருந்தா மீன்வளத் துறை அலுவலகத்தில் தடைக்காலத்துக்கு முன்பே திருத்திக்கோங்க. விபத்து நடந்த பிறகு எழுத்துப் பிழையோடு அலையறது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய கொடுமை.

கிளம்பும் முன் போனில் வானிலை எச்சரிக்கையைப் பாருங்க. கடலில் ஆபத்துன்னா கடலோரக் காவல்படை எண் 1554.

மீன் வாங்க வரும் மற்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். உலரும் வலை மேல வண்டியை ஏற்றாதீங்க. அது ஒரு குடும்பத்தின் முதலீடு.