வாய் வறண்டால் வெற்றிலை மருந்தல்ல

(நல்லதண்ணியில் தோட்டக் குடும்பங்கள் முன் நிகழ்த்திய உரை)



வாய்ப் புற்றுநோய்க்கு மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலோ கண்டியிலோ கதிர்ச் சிகிச்சை பெற்று லயத்துக்குத் திரும்புகிறவர்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள். நோய் அடங்கியது என்று வீட்டார் சந்தோஷப்படுகிறோம். ஆனால் அவருக்கோ ரொட்டி இறங்குவதில்லை. ராத்திரியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. "எச்சிலே ஊறலைங்க, ஒரு வாய் வெத்திலை போட்டா சரியாப் போயிடும்" என்கிறார். நாமும் இரக்கப்பட்டு வெற்றிலைப் பையை நீட்டுகிறோம். அது இரக்கமல்ல, ஆபத்து.

எச்சில் ஏன் வற்றுகிறது? சுகமான மனிதருக்கு நாளொன்றுக்கு அரை லீட்டர் முதல் ஒன்றரை லீட்டர் வரை எச்சில் சுரக்கும். நோயை அழிக்கும் கதிர், பக்கத்திலுள்ள எச்சில் சுரப்பிகளையும் தாக்குகிறது. சிலருக்கு மாதக்கணக்கில் சென்று ஓரளவு திரும்பும், சிலருக்குத் திரும்பாது. ஆகவே இது நடிப்பல்ல.

புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2003இல் அறிவித்தது. அதனால் புகையிலை, பாக்கு, பீடி, சாராயம் நான்கும் வேண்டாம்.

பிறகு என்னதான் செய்வது?

தண்ணீர்ப் போத்தல் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். அடிக்கடி ஒவ்வொரு மிடறாகக் குடிக்க வேண்டும். ரொட்டியைப் பருப்புக் கறியில் ஊறவையுங்கள். சோற்றைக் குழைத்து, சொதி விட்டுக் கொடுங்கள். உறைப்பையும் கடும் சாயத்தையும் குறையுங்கள்.

கொதித்தாறிய ஒரு லீட்டர் தண்ணீரில் உப்பு ஒரு தேக்கரண்டி, அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி கலந்து, நாளைக்குப் பல தடவை கொப்பளித்துத் துப்பலாம். விழுங்கக் கூடாது.

எச்சில் இல்லாத வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். சீனித் தேத்தண்ணியும் டொபியும் ஆகாது. மென்மையான பிரஷில், புளோரைட் பற்பசையிட்டு இரு வேளையும் துலக்குங்கள். பல் பிடுங்க வேண்டி வந்தால், கதிர்ச் சிகிச்சை பெற்றதை முதலில் சொல்லுங்கள். சொல்லாமல் பிடுங்கினால் தாடை எலும்பே பழுதாகலாம்.

வாயில் வெண்படலமோ, மூன்று வாரத்தில் ஆறாத புண்ணோ கண்டால், அடுத்த கிளினிக் தேதிக்குக் காத்திராமல் உடனே போய்க் காட்டுங்கள்.

நம்ம ஊருக்குப் பேரே நல்லதண்ணி. வாய் வறண்டவருக்கு முதல் மருந்தும் அதுதான். வெற்றிலைப் பையை எடுத்து வையுங்கள். தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக் கையில் கொடுங்கள்.