எல்லா மந்தைகளும் வந்து சேரும்வரை

(வானொலி மறையுரை. வாசகம்: தொடக்கநூல் 29:1-10)



யாக்கோபு தன் அண்ணனுக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடிய கதை நாம் அறிந்ததே. பெத்தேலில் அவர் கனவில் கண்ட ஏணியை மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் படமாகவே வரைந்துவிடுவார்கள். ஆனால் அதற்கு அடுத்து வரும் கிணற்றடிக் காட்சியை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். திருமண மறையுரைகளில் ராகேலுக்காக அதை எடுப்பதுண்டு. இன்று ராகேலைச் சற்றுநேரம் விட்டுவிட்டு, அந்தக் கிணற்றின் வாயில் கிடந்த கல்லைப் பார்ப்போம்.

யாக்கோபு வந்து சேர்ந்தபோது பொழுது இன்னும் சாயவில்லை. கிணற்றருகே மூன்று மந்தைகள் படுத்துக் கிடக்கின்றன. இடையர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியூர்க்காரரான யாக்கோபுக்கு இது விளங்கவில்லை. ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு மறுபடியும் மேய்ச்சலுக்கு ஓட்டிப்போக வேண்டியதுதானே என்று கேட்கிறார். அவர்கள் சொன்ன பதில், மற்ற மந்தைகளும் வந்து சேரும்வரை எங்களால் முடியாது என்பது. எல்லாரும் கூடிய பிறகே கல்லைப் புரட்டுவார்கள். தண்ணீர் காட்டிவிட்டு மறுபடியும் மூடிவைப்பார்கள். அது ஊர் வழக்கம்.

அந்தக் கல் மிகப் பெரியது என்கிறது விவிலியம். ஏன் அத்தனை பெரிய கல் என்று விவிலியம் சொல்லவில்லை. நமக்குத் தோன்றுவது இதுதான்: ஒருவர் தனியே வந்து புரட்ட முடியாதபடி இருக்கவேண்டும் என்றே அப்படி வைத்திருப்பார்கள். காவலாளியும் வேண்டாம், பூட்டும் வேண்டாம். கல்லின் கனமே சட்டம்.

அந்தச் சட்டத்தை மீறியவரும் யாக்கோபேதான். ராகேல் ஆடுகளோடு வருவதைக் கண்டதும் தானே போய்க் கல்லைப் புரட்டிவிட்டார்! காதல் வந்தவருக்கு ஊர்க் கட்டுப்பாடு கண்ணுக்குத் தெரியாது போலும். அவரை மன்னித்துவிடலாம். ஆனால் தனியே கல்லைப் புரட்டும் பலம் நமக்கும் வந்துவிட்டது. இன்றைய சிந்தனை அதைப் பற்றியது.

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களில் கண்மாய் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சென்னைப் பக்கத்து நேயர்களுக்காகச் சொல்கிறோம்: நீங்கள் ஏரி என்பதை நாங்கள் கண்மாய் என்கிறோம். தமிழகத்தில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி கண்மாய்கள் உண்டு என்பது அரசுக் கணக்கு. ஆறில்லாத சீமையில் மழைத்தண்ணீரைப் பிடித்துவைக்க முன்னோர் கட்டிய கரைகள் இவை. மேட்டுக்காட்டில் பெய்த மழை வரத்துக்கால் வழியாக வந்து கண்மாயை நிறைக்கும். மடை வழியாக வயலுக்குப் போகும். மிஞ்சியது கலுங்கு தாண்டி அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். மேலூர்க்காரர் தன் வரத்துக்காலை அடைத்தால் கீழூர்க்காரருக்கும் தண்ணீர் இல்லை.

மழைக்கு முன்பு வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும். கால்வாயைத் தூர்வாரி, கரையில் மண் அணைத்து, மடையைச் சரிபார்ப்பார்கள். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். வெள்ளைக்காரர் ஆட்சியில், 1858-ஆம் ஆண்டிலேயே, இந்த உழைப்பைக் கட்டாயமாக்கச் சென்னை மாகாணத்தில் சட்டம் போட வேண்டி வந்தது. தானாக வந்த ஊரைச் சட்டம் போட்டு இழுக்க வேண்டிய நிலை அப்போதே தொடங்கிவிட்டது. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் நாங்கள் பார்த்த இடத்தில் பொக்லைன் எந்திரம் வந்தது, மண் அள்ளிப் போட்டது, போய்விட்டது. ஊர் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. அந்த வேடிக்கைக் கூட்டத்தில் நாங்களும் இருந்தோம்.

ஊர் ஏன் வராமல் போயிற்று? மக்கள் கெட்டுப்போனார்கள் என்று மறையுரையில் சொல்வது எளிது. அது உண்மையல்ல. வசதியுள்ளவர் தன் வயலில் ஆழ்துளைக் கிணறு போட்டார். மோட்டாரைத் தட்டினால் தண்ணீர். கல்லைத் தனியே புரட்டிவிட்டார்! இனி அவருக்குக் கண்மாய் எதற்கு? கண்மாய் நிறைந்தால்தான் நிலத்தடியில் தன் கிணற்றுக்கும் ஊற்று வரும் என்பது, மோட்டார் காற்றை இழுக்கும் அன்றுதான் அவருக்குத் தெரியும். ஊர்க்கூட்டத்தில் செல்வாக்குள்ள அவர் வராமல் போனதும் கூட்டமே நின்றது. கரையைப் பார்க்க ஆளில்லை. உள்வாயில் சீமைக்கருவேலம் முளைத்தது. ஓரத்தில் ஒருவர் ஓர் ஏர் அகலம் உழுதார். அடுத்த ஆண்டு இன்னொருவர் வேலி போட்டார். யாரும் பெரிதாகத் திருடவில்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இதில் முதலில் அடிபடுகிறவர் பட்டா இல்லாதவர். ஆடு நான்கு வைத்திருக்கும் விதவைத் தாய்க்கு மேய்க்கால்தான் சொத்து. விறகு, கீரை, வற்றிய கண்மாயில் பிடிக்கும் கெளுத்தி மீன், கூரைக்குப் புல், எல்லாம் அங்கிருந்துதான். வருவாய்ப் பதிவேட்டில் மேய்க்கால், களம், வண்டிப்பாட்டை, வாய்க்கால், மயானம் என்று வகை வகையாகப் புறம்போக்கு எழுதியிருக்கும். வரிக் கணக்குக்குப் புறம்பாக, ஊருக்கென்று விட்டுவைத்த நிலம் என்பது அதன் பொருள். அந்தச் சொல்லைத்தான் இன்று ஒரு மனிதனைத் திட்டுவதற்குப் பயன்படுத்துகிறோம். பொதுவானதை உருப்படாதது என்று நம் நாக்கே பழகிவிட்டது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவமாகிவிடும். அக்காலம் பொற்காலம் அல்ல. இரவெல்லாம் கரையில் நின்று மடை திறந்து மூடிய நீர்ப்பாய்ச்சி பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குலத்தவர். அவர் காத்த தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போயிற்று. அவருக்குக் களத்தில் அளந்து போட்ட நெல்தான் கூலி. ஊருணியில் அவர் வீட்டுப் பெண்கள் மற்றவர்களோடு ஒரே படித்துறையில் இறங்க முடிந்ததா? மராட்டியத்தில் மகாட் நகரத்துச் சவுதார் குளம் அனைவருக்கும் பொதுவென்று நகராட்சி தீர்மானம் போட்ட பிறகும், ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க 1927 மார்ச் 20 அன்று டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. குடித்தார்கள், அடியும் வாங்கினார்கள். ஆகவே பழையதை அப்படியே திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பொது என்று எழுதிவைத்தது உண்மையிலேயே பொதுவாகட்டும் என்று கேட்கிறோம்.

திருச்சபை இதில் தடுமாறவில்லை. நிலம் எனது, நீங்கள் அதில் குடியிருக்கும் அந்நியர்கள் என்று லேவியர் நூல் 25-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மண்ணுலகின் பொருள்கள் எல்லா மனிதருக்கும் உரியவை என்பது 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டில் கற்பித்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் அதையே மீண்டும் எடுத்துரைத்தார். போதனைக்குக் குறைவில்லை.

ஸ்பெயின் நாட்டில் வாலன்சியா என்று ஒரு நகரம். அங்கே வாய்க்கால் தண்ணீர்த் தகராறுகளைத் தீர்க்கப் பல நூற்றாண்டுகளாக ஒரு நீதிமன்றம் நடக்கிறது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகலில் எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள் கூடுகிறார்கள். எல்லாரும் விவசாயிகள். வழக்கறிஞர் கிடையாது. வாய்மொழியாகவே விசாரணை, அங்கேயே தீர்ப்பு. 2009-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு எலினோர் ஆஸ்ட்ரோம் என்ற அமெரிக்கப் பெண்மணிக்குக் கிடைத்தது. பொதுச் சொத்து என்றால் கெட்டுத்தான் போகும் என்பது பொய், மக்களே விதி வகுத்துக் காத்த ஊர்கள் ஏராளம் என்று எடுத்துக்காட்டியவர் அவர். அவர் ஆராய்ந்தவற்றுள் வாலன்சியாவும் ஒன்று. அந்த நீதிமன்றம் கூடும் இடம் எது தெரியுமா? பேராலயத்தின் திருத்தூதர்கள் வாசல்! தண்ணீருக்கு நியாயம் கேட்டு வருகிறவர் கோவில் வாசலுக்கு வருகிறார்.

எங்கள் கோவில் வாசலுக்கும் ஒருவர் வந்தார். இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கம்தான். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் பங்கின் கிளைக் கிராமம் ஒன்றில் கல்லறைத் தோட்டத்திற்கு மதில் கட்டினோம். ஆடு மாடு உள்ளே வருகிறது என்ற நல்ல காரணம் இருந்தது. நன்கொடையும் தாராளமாக வந்தது. பக்கத்தில் வாய்க்கால் புறம்போக்கு. புல வரைபடத்தில் பதினான்கு அடி அகலம். நாங்கள் ஒன்பது அடியை உள்ளே தள்ளிக் கட்டிவிட்டோம். தண்ணீர் போக ஓரடிச் சிமெண்ட் குழாய் வைத்தோம். இரண்டாம் மழையிலேயே குழாய் அடைத்தது. கண்மாய்க்குப் போகவேண்டிய தண்ணீர் திரும்பிக் காலனித் தெருவுக்குள் நுழைந்தது. மூன்று ஆண்டாகக் கண்மாய் பாதிகூட நிறையவில்லை. எங்களுக்கு அது தெரியவே இல்லை. ஏன் தெரியும்? பங்குப் பணியகத்தில் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது.

ஆடு மேய்க்கும் ஒரு பாட்டி திருப்பலி முடிந்து வாசலில் நின்றார். "சாமி, மாதா பேரச் சொல்லிச் செவரு எழுப்பிட்டீங்க. தண்ணி எந்த வழியா வரும்?" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

பங்குப் பேரவையில் பேசினோம். படித்த ஒருவர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துவந்தார். 2011 ஜனவரி 28 அன்று, பஞ்சாபில் ஊர்க்குளத்தை மண் போட்டு மூடி வீடு கட்டியவர்கள் வழக்கில், நாடெங்கும் கிராமப் பொது நிலங்களை மீட்கவேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்ட தீர்ப்பு அது. அதில் சில விதிவிலக்குகள் உண்டு: நிலமற்ற ஏழைக்கு அரசே குத்தகைக்குக் கொடுத்த இடம், ஏற்கெனவே பள்ளியோ மருந்தகமோ வேறு பொதுப் பயன்பாடோ இருக்கும் இடம். "கல்லறையும் பொதுப் பயன்பாடுதானே, ஃபாதர்?" என்றார் அவர். கெட்ட எண்ணத்தில் அல்ல, கோவிலைக் காப்பாற்றவே கேட்டார். ஒருவேளை சட்டம் இடம் கொடுக்கும். ஆனால் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை எடுத்தபோதும் ஈசபேல் அரச முத்திரையிட்ட மடல் அனுப்பினாள். இரண்டு சாட்சிகளை நிறுத்தினாள். மூப்பர் சபையைக் கூட்டினாள். முறை ஒன்றும் குறையவில்லை.

வாக்குவாதம் இரவு பத்து மணிவரை போயிற்று. கடைசியில் இருபத்தெட்டு அடி மதிலை இடித்துப் பின்னால் தள்ளிக் கட்டுவது என்று முடிவானது. சிக்கல் அதோடு தீரவில்லை. அந்த ஒன்பது அடிக்குள் இரண்டு கல்லறைகள் வந்துவிட்டன. ஒரு குடும்பம் இடம் மாற்றச் சம்மதித்தது. இன்னொரு குடும்பத்தில் தாயார் மறைந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, பிள்ளைகள் அழுகிறார்கள். அவர்கள் மேல் கோபப்பட எங்களுக்கு உரிமையில்லை. அந்த இடத்தை அளந்து கொடுத்ததே நாங்கள்தான். வாரம் இருமுறை அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து வருகிறோம். இன்னும் பதில் வரவில்லை. (கல்லறைத் தோட்டத்திற்குள்ளேயே சாதிக்கொரு சுவர் வைத்த ஊர்களும் நம்மிடையே உண்டு. அது வேறொரு நாள் மறையுரை.)

ஐப்பசி மழைக்கு அதிக நாள் இல்லை. அதனால் கல்லறைப் பகுதியை இப்போதைக்கு விட்டுவிட்டு, மேலேயுள்ள வரத்துக்காலைத் தூர்வாரும் வேலையை வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறோம். கோவில் தெருவிலிருந்தும் காலனியிலிருந்தும் வீட்டுக்கு ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிற சபையினரும் இந்துச் சகோதரர்களும் வருகிறார்கள். இரு தெருவாரும் வந்து சேர்ந்த பிறகே முதல் வெட்டு என்று பேசியிருக்கிறோம். முந்தி வருகிறவர்கள் வேப்பமரத்தடியில் காத்திருக்கவும். மதியக் கஞ்சி காய்ச்சும் பொறுப்பைக் காலனிப் பெண்கள் ஏற்றிருக்கிறார்கள். மண்வெட்டி மட்டும் கொண்டுவாருங்கள். தம்ளர் எடுத்துவர வேண்டாம், கோவிலில் இருக்கிறது.